ஜப்பான் நகரங்களை ரயிலில் சிக்கனமாகச் சுற்ற: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகில் ஒரு பை, கையில் அளவான பணம், பத்துப் பன்னிரண்டு நாள். இப்படிக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் எடுக்கும் பாதை டோக்கியோவில் தொடங்கி கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா வழியாகப் போகும். சிலர் ஃபுகுவோகா வரை நீட்டுவார்கள். இந்தப் பக்கம் அந்தப் பாதையைப் பற்றியது. கட்டணங்கள் எல்லாம் ஒருவருக்கு, யென்னில். சில நூறு யென் முன்னே பின்னே இருக்கும், கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 100 யென் என்றால் 55 முதல் 60 ரூபாய் என்று மனக்கணக்குப் போடலாம்.

ஜப்பான் என்றாலே ஜே.ஆர். பாஸ் வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். ஜே.ஆர். என்பது ஜப்பான் ரயில்வேஸ் குழும நிறுவனங்கள்; நாடு முழுதும் அவற்றின் ரயில்களில் செல்லும் பாஸ் இது. 2023 அக்டோபருக்கு முன் 7 நாள் பாஸ் 29,650 யென். அப்போது டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே ஏறக்குறைய காசு வந்துவிடும். அந்த அக்டோபரில் விலை 50,000 ஆனது. 14 நாள் பாஸ் 80,000, 21 நாள் பாஸ் 1,00,000. இணையத்தில் இன்னும் சுற்றும் "முதல் வேலையாக பாஸ் வாங்குங்கள்" என்ற அறிவுரை பெரும்பாலும் பழைய விலைக்கு எழுதியது.

டோக்கியோ–கியோட்டோ ஷின்கான்சென் (புல்லட் ரயில்) ஒரு வழிக்கு 13,300 முதல் 14,200 வரை. போகவர 28,000 அளவில்தான். டோக்கியோ–ஹிரோஷிமா போகவரவே 40,000 அளவில்தான் நிற்கும். ஏழே நாளில் டோக்கியோவிலிருந்து ஃபுகுவோகா வரை போய்த் திரும்பி, நடுவில் இன்னும் இரண்டு நீண்ட ஓட்டம் வைப்பவருக்கு மட்டும் பாஸ் லாபம். அப்படி ஓடுபவர் ஊர் பார்ப்பதைவிட ரயில் பார்ப்பதுதான் அதிகம். இன்னொன்று: பாஸ் கையில் இருந்தாலும் மிக வேகமான நொசோமி வண்டியில் ஏறத் தனிக் கட்டணம் உண்டு, டோக்கியோ–கியோட்டோவுக்கு அது 4,960 யென்.

பாஸ் இல்லையென்றால் செலவை எப்படிக் குறைப்பது?

ஊர்களை ஒரே கோட்டில் அடுக்கி, வந்த வழியே திரும்பாமல் இருந்தாலே பெரும்பகுதி மிச்சம். டோக்கியோவில் இறங்கி ஒசாகாவிலிருந்தோ ஃபுகுவோகாவிலிருந்தோ விமானம் ஏறுங்கள். திரும்பும் ஷின்கான்சென்னுக்குப் போகும் 14,000 யென் அப்படியே கையில் நிற்கும். விமான டிக்கெட் தேடும்போதே "மல்டி சிட்டி" என்று போட்டுப் பாருங்கள். வேறு விமான நிலையத்திலிருந்து திரும்புவதால் டிக்கெட் விலை கொஞ்சம் ஏறினாலும் கணக்கு பெரும்பாலும் ஒத்துவரும்.

கைக்கு அடங்கிய ஒரு திட்டம்: டோக்கியோ–கியோட்டோ அன்ரிசர்வ்டு ஷின்கான்சென் சுமார் 13,300. அதன்பின் ஜே.ஆர். வெஸ்ட் விற்கும் கான்சாய்–ஹிரோஷிமா ஏரியா பாஸ், தொடர்ந்து 5 நாளுக்கு 17,000. கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிமேஜி எல்லாம் இதில் அடங்கும். ஷின்-ஒசாகா–ஹிரோஷிமா ஷின்கான்சென், மியாஜிமா தீவுக்கான ஜே.ஆர். படகு, கான்சாய் விமான நிலையத்துக்கான ஹருகா எக்ஸ்பிரஸ் ஆகியவையும் உண்டு. ஷின்-ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா போகவரவே 20,000 ஆகும் என்பதால் அந்த ஒரு பயணத்திலேயே பாஸ் காசு வந்துவிடும். மொத்தம் 30,300. நாடு முழுவதற்குமான பாஸைவிட ஏறக்குறைய 20,000 குறைவு.

இந்தப் பாஸில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. கியோட்டோ–ஷின்-ஒசாகா ஷின்கான்சென் பாதை ஜே.ஆர். சென்ட்ரல் நிறுவனத்துடையது. வெஸ்ட் பாஸ் அங்கே செல்லாது. கியோட்டோவிலிருந்து சாதாரணப் பாதையில் ஷின்-ஒசாகா போய், அங்கிருந்துதான் ஷின்கான்சென் ஏற வேண்டும். மியாஜிமாவில் 100 யென் நுழைவு வரி பாஸில் சேராது.

ஒரே பயணத்துக்கு ஏன் இரண்டு டிக்கெட் தருகிறார்கள்?

ஜப்பான் ரயில் கட்டணம் இரண்டு அடுக்கு. தூரத்துக்கான அடிப்படை டிக்கெட் "ஜோஷாகென்". வேகத்துக்கான மேல்கட்டணம் "தொக்யூகென்". நம் ஊர் சூப்பர்ஃபாஸ்ட் சார்ஜ் மாதிரி, ஆனால் தொகை பெரியது. டோக்கியோ–கியோட்டோவுக்கு அடிப்படை சுமார் 8,400, மீதி 5,000 வேகத்துக்கு. பாசஞ்சர் வண்டியிலும், சில நிலையங்களில் நிற்காமல் போகும் ரேப்பிட் வண்டியிலும் போகிறவருக்கு முதல் டிக்கெட் மட்டும் போதும். ஷின்கான்சென் கேட்டில் இரண்டையும் ஒன்றாக அடுக்கி உள்ளே செலுத்த வேண்டும். மறுபக்கம் வெளியே வருவதை மறக்காமல் எடுங்கள். அங்கேயே விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் தினமும் உண்டு.

வழியில் இறங்கி ஊர் பார்த்துவிட்டு அதே டிக்கெட்டில் தொடரலாமா?

தொடரலாம். நம் ரயில்வேயின் பிரேக் ஜர்னி போலத்தான். ஜப்பானிய மொழியில் "தோச்சூ கெஷா". சிக்கனப் பயணிக்கு இதைவிடப் பெரிய கதவு இல்லை. ஆனாலும் பாஸ் விளம்பரங்களுக்கு நடுவே இது யார் கண்ணிலும் படுவதில்லை.

100 கிலோமீட்டரைத் தாண்டிய அடிப்படை டிக்கெட்டில், முன்னோக்கிப் போகும் வரை, எத்தனை நிலையத்திலும் வெளியே வந்து மறுபடி உள்ளே போகலாம். தூரம் கூடக்கூடச் செல்லுபடி நாளும் கூடும்: 200 கி.மீ. வரை 2 நாள், 400 வரை 3, 600 வரை 4, அதன்பின் ஒவ்வொரு 200-க்கும் ஒரு நாள். டோக்கியோ–கியோட்டோ 513.6 கி.மீ., ஆகவே 4 நாள். டோக்கியோ–ஹிரோஷிமா 894.2 கி.மீ., 6 நாள், சுமார் 12,000. டோக்கியோ–ஃபுகுவோகா 1,174.9 கி.மீ., 7 நாள், 14,000-ஐச் சற்றே தாண்டும்.

கணக்கைக் கவனியுங்கள். டோக்கியோ–கியோட்டோ, கியோட்டோ–ஹிரோஷிமா, ஹிரோஷிமா–ஃபுகுவோகா என்று மூன்று துண்டாக அடிப்படை டிக்கெட் வாங்கினால் 20,000 ஆகும். ஒரே டிக்கெட்டாக வாங்கினால் 14,000 சொச்சம், ஏனென்றால் தூரம் கூடும்போது கிலோமீட்டருக்கான விலை இறங்கும். சோர்வாக இருக்கும் நாளில் ஏதாவது ஒரு பகுதிக்கு மட்டும் தொக்யூகென் சேர்த்து ஷின்கான்செனில் தாவலாம். எந்தப் பகுதி சாதாரணப் பாதை, எந்தப் பகுதி ஷின்கான்சென் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சில பகுதிகளில் இரண்டுக்கும் கட்டணம் வேறு.

வாங்கும் இடம், பச்சைப் பலகை போட்ட "மிதோரி நோ மதோகுச்சி" கவுன்டர். புறப்படும் ஊர், சேரும் ஊர், தேதி, வழி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி நீட்டினால் பேச்சே தேவையில்லை. மூன்று விதிகளை மறக்கக் கூடாது. ஒன்று, பின்னோக்கிப் போக முடியாது; கியோட்டோவிலிருந்து நாரா போவது பாதைக்கு வெளியே என்பதால் தனி டிக்கெட். இரண்டு, நீண்ட டிக்கெட்டில் ஊர்ப் பெயருக்குப் பதில் "டோக்கியோ நகரப் பகுதி", "கியோட்டோ நகரம்" என்று அச்சிட்டிருக்கும். புறப்படும் நகரத்துக்குள்ளும் சேரும் நகரத்துக்குள்ளும் பிரேக் ஜர்னி கிடையாது. சேரும் நகரத்துக்குள் எங்கே வெளியேறினாலும் டிக்கெட் அதோடு முடிந்தது. ஆனால் இதிலேயே ஒரு லாபமும் இருக்கிறது. கியோட்டோ வரை எடுத்தவர் கியோட்டோ நிலையத்தில் வெளியே வராமல் வண்டி மாறினால், அதே டிக்கெட்டில் நகரத்துக்குள்ளேயே இருக்கும் இனாரி நிலையத்திலோ சாகா-அராஷியாமா நிலையத்திலோ போய் இறங்கலாம். மூன்று, பணம் ஏற்றிக் கேட்டில் தட்டிப் போகும் சுயிகா போன்ற கார்டிலோ, செயலி வழியாக எடுத்த ஷின்கான்சென் டிக்கெட்டிலோ இந்தச் சலுகை எதுவும் இல்லை. காகித டிக்கெட்டுக்குத்தான்.

செய்ஷுன் 18 டிக்கெட் இதைவிட மலிவில்லையா?

பெயரில் 18 இருந்தாலும் வயது வரம்பு இல்லை. நாடு முழுதும் ஜே.ஆர். பாசஞ்சர், ரேப்பிட் வண்டிகளில் நாள் முழுக்கச் சுற்றலாம். ஷின்கான்செனும் எக்ஸ்பிரஸும் கிடையாது. பள்ளி, கல்லூரி விடுமுறையை ஒட்டி வசந்தம், கோடை, குளிர்காலம் ஆகிய மூன்று பருவத்தில் மட்டும் விற்பார்கள்.

2024 குளிர்காலத்தில் விதி மாறியது. முன்பு ஐந்து நாளை விருப்பப்படி சிதறலாக எடுக்கலாம், ஐந்து பேர் பங்குபோடலாம். இப்போது தொடர்ச்சியாக 3 நாளுக்கு 10,000, 5 நாளுக்கு 12,050, ஒரு டிக்கெட்டுக்கு ஒருவர்தான். ஊருக்கு இரண்டு நாள் தங்கிப் பார்க்க நினைப்பவருக்கு இந்த "தொடர்ச்சி" இடிக்கும், தங்கும் நாளிலும் டிக்கெட் கரைந்துகொண்டே இருக்கும். மேலே சொன்ன 14,000 யென் நீண்ட டிக்கெட்டோடு இந்த 3 நாள் டிக்கெட்டை ஒப்பிட்டால் வித்தியாசம் 4,000தான். அந்த 4,000-க்கு ஏழு நாள் அவகாசமும் வருடம் முழுக்க வாங்கும் வசதியும் கிடைக்கின்றன. தினமும் நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்கும், ரயிலில் உட்கார்வதே சுகம் என்பவர்களுக்கும் மட்டும் 18-ஐப் பரிந்துரைப்போம்.

கனாசாவா பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2024 மார்ச்சில் ஷின்கான்சென் சுருகா வரை நீண்டதும், கனாசாவா–சுருகா பழைய பாதை ஜே.ஆர். கையை விட்டுப் போய்விட்டது. 18 டிக்கெட்டை நம்பி அந்தப் பாதையில் ஏறினால் இறங்கும்போது முழுக் கட்டணம் கேட்பார்கள்.

டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு பாசஞ்சரில் ஒரே நாளில் போக முடியுமா?

முடியும். சுமார் 9 மணி நேரம். அதாமி, ஷிசுவோகா அல்லது ஹமாமட்சு, தொயோஹாஷி, ஓகாகி, மைபரா என்று ஐந்தாறு இடத்தில் மாற வேண்டும். அலுப்பு தட்டுவது அதாமி முதல் தொயோஹாஷி வரை: ஷிசுவோகா மாகாணத்தின் முழு நீளம், பெரும்பாலும் சுவரோரம் நீள பெஞ்சு இருக்கை. தொயோஹாஷி தாண்டியதும் வேக ரேப்பிட் வண்டி, முன்பார்த்த இருக்கை, மூச்சு விடலாம். மாறும் நேரம் சில இடங்களில் ஐந்து நிமிடம்கூட இருக்காது. விடுமுறைக் காலத்தில் படிக்கட்டை நோக்கி ஒரு ஓட்டப் பந்தயமே நடக்கும். படிக்கட்டுக்கு நேராக நிற்கும் பெட்டியில் ஏறிக்கொண்டால் அடுத்த வண்டியில் இடம் கிடைக்கும். காலை 7 மணிக்கு முன் கிளம்புங்கள். நீண்ட டிக்கெட் வைத்திருந்தால் ஹமாமட்சுவிலோ நகோயாவிலோ ஒரு இரவு தங்கி இரண்டு நாளாகப் பிரிப்பதுதான் புத்திசாலித்தனம். அறை வாடகையும் கியோட்டோவைவிட அங்கே குறைவு.

ஷின்கான்செனிலேயே மலிவான வழி?

கொடாமா. எல்லா நிலையத்திலும் நிற்கும் ஷின்கான்சென் அது. நொசோமி 2 மணி 15 நிமிடத்தில் போவதை இது நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். கொடாமாவுக்கு மட்டுமான முன்பதிவுச் சலுகை டிக்கெட்டில் டோக்கியோ–கியோட்டோவுக்கு 2,000 யென் அளவில் குறையும். ஆனால் அந்த வண்டியை விட்டால் டிக்கெட் குப்பைதான், வழியில் இறங்கவும் முடியாது. முழு விலைக்கு எடுத்த ரிசர்வ்டு டிக்கெட்டில் வண்டி தவறினால், அதே நாளில் அடுத்த வண்டியின் அன்ரிசர்வ்டு பெட்டியில் ஏறிக்கொள்ளலாம். கோல்டன் வீக், ஓபோன், புத்தாண்டு ஆகிய நெரிசலான விடுமுறை நாட்களில் நொசோமியில் அன்ரிசர்வ்டு பெட்டியே கிடையாது. மற்ற நாளிலும் இப்போது இரண்டு பெட்டிதான், நொசோமிக்கு அடுத்த வேகமான ஹிகாரியில் ஐந்து.

சுயிகா கார்டு இருந்தால் எங்கும் போகலாம் என்கிறார்களே?

எங்கும் பயன்படுத்தலாம், ஆனால் எல்லை தாண்டிப் பயன்படுத்த முடியாது. சுயிகா, இகோகா, தொயிகா எதை வைத்திருந்தாலும் டோக்கியோ மெட்ரோவிலும் ஒசாகா சப்வேயிலும் தட்டிப் போகலாம். சிக்கல் ஒரே பயணத்தில் ஒரு பகுதியில் நுழைந்து வேறு பகுதியில் வெளியேறும்போதுதான் வரும். டோக்கியோவில் கார்டைத் தட்டி ஏறி, பாசஞ்சரிலேயே கார்டு எல்லையான அதாமியைக் கடந்து ஷிசுவோகாவில் இறங்கினால் கேட் திறக்காது. ஊழியரிடம் முழுக் கட்டணத்தையும் பணமாகக் கட்டி, ஒரு சான்றுச் சீட்டு வாங்க வேண்டும். கார்டில் கிடக்கும் "நுழைந்த பதிவை" அதைக் காட்டி நீக்கும் வரை கார்டு பூட்டிக் கிடக்கும். மைபராவிலும் இதே கதை. ஆகவே நகரத்துக்குள் கார்டு, ஊர் விட்டு ஊருக்குக் காகித டிக்கெட்.

கார்டுக்கு 500 யென் முன்பணம். சுயிகாவைத் திருப்பிக் கொடுத்து அதைப் பெற ஜே.ஆர். ஈஸ்ட் பகுதியில்தான் முடியும். ஒசாகாவில் பயணத்தை முடிப்பவர் அங்கே நீட்டினால் வாங்க மாட்டார்கள். அவர்களுக்கு முன்பணமே இல்லாத, 28 நாள் செல்லும் வெல்கம் சுயிகா பொருத்தம். மீதத் தொகை திரும்பாது என்பதால் கடைசி நாளில் கன்வீனியன்ஸ் கடையில் செலவழித்து முடியுங்கள். ஐபோனில் சுயிகாவைச் சேர்க்கலாம். ஜப்பானுக்கு வெளியே வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் பொதுவாக முடியாது.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு?

நரிதாவிலிருந்து நரிதா எக்ஸ்பிரஸ் 3,000-ஐத் தாண்டும். கெய்செய் மெயின் லைன் சாதாரண வண்டி உவெனோவுக்கு ஏறக்குறைய 1,050, எழுபது எழுபத்தைந்து நிமிடம். ஹனேடா ஊருக்குள்ளேயே இருக்கிறது, கெய்க்யூ ரயிலில் ஷினகாவா 330 அளவில்.

கான்சாய் விமான நிலையத்துக்கு ஒசாகாவிலிருந்து ஜே.ஆர். ரேப்பிடில் போகும்போது எந்தப் பெட்டி என்று பாருங்கள். ஹினேனோ நிலையத்தில் வண்டி இரண்டாகப் பிரியும். 1 முதல் 4 வரை விமான நிலையம், 5 முதல் 8 வரை வகயாமா. பின்பெட்டியில் தூங்கிப்போய் விமானத்தைத் தவறவிட்டவர்கள் நிறைய.

கியோட்டோ, ஒசாகா இடையே எந்த வண்டி?

ஜே.ஆர். ஸ்பெஷல் ரேப்பிட், அரை மணி நேரம், 580 யென், மேல்கட்டணம் இல்லை. ஹான்க்யூ தனியார் ரயிலில் கவராமாச்சியிலிருந்து உமேடாவுக்கு 410. பத்துப் பதினைந்து நிமிடம் கூடும். "லிமிடெட் எக்ஸ்பிரஸ்" என்ற பெயர் கம்பெனிக்குக் கம்பெனி வேறு பொருள் தரும்: ஹான்க்யூவிலும் கெய்ஹானிலும் அது சாதாரணக் கட்டணம், கின்டெட்சுவிலும் ஜே.ஆரிலும் தனிக் கட்டணம்.

ஃபுஷிமி இனாரி கோயிலுக்குக் கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா லைன், 150 யென். அங்கே மியாகோஜி ரேப்பிட் நிற்காது, லோக்கலில் ஏறுங்கள். கியோட்டோவில் பேருந்துக்கு மட்டுமான நாள் டிக்கெட் ஒழிந்துவிட்டது. சப்வேயும் பேருந்தும் சேர்ந்தது 1,100. ஒரு பேருந்துப் பயணம் 230 என்பதால் ஒரே நாளில் ஐந்து முறை ஏறினால்தான் லாபம்.

பை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

40 லிட்டர் போதும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ. தாண்டினால் டோக்கியோ–ஃபுகுவோகா பாதை ஷின்கான்செனில் அதற்கான இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும், செய்யாமல் ஏறினால் 1,000 யென். அன்ரிசர்வ்டில் போக நினைப்பவர் இதனாலேயே பையைச் சிறிதாக வைக்க வேண்டும். நகர ரயிலில் பையை முன்பக்கம் மாட்டுவதுதான் அங்கே வழக்கம்.

நிலைய லாக்கர் சிறியது 400–500, பெரியது 700–1,000. பெரும்பாலானவற்றில் நள்ளிரவு தாண்டினால் இரண்டாம் நாள் வாடகை. கார்டால் பூட்டும் லாக்கரில் அந்தக் கார்டேதான் சாவி. கியோட்டோ நிலையத்தில் காலை 10 மணிக்கெல்லாம் பெரிய லாக்கர் நிரம்பிவிடும். விடுதியில் முன்கூட்டியே பையை வைத்துக்கொள்ளச் சொன்னால் இலவசமாகவே வைப்பார்கள்.

இரவு எங்கே தூங்குவது?

ஹாஸ்டல் டார்மிட்டரியும், ஒருவர் படுக்கும் பெட்டி போன்ற கேப்ஸ்யூலும் 2,500 முதல் 5,000. சனிக்கிழமை இரவு ஒன்றரை மடங்காகும். சனிக்கிழமையைக் கியோட்டோவில் வைக்காமல் நகோயா, ஹிரோஷிமா போன்ற இடத்தில் வைப்பது நல்லது. கியோட்டோவில் மலிவான படுக்கைக்கும் இரவுக்கு 200 யென் தங்கும் வரி உண்டு. இருவராகப் போனால் பிசினஸ் ஹோட்டல் இரட்டை அறை சில நேரம் இரண்டு டார்மிட்டரிப் படுக்கையைவிட மலிவாக விழும், காலை உணவோடு.

ரயிலிலேயே தூங்க ஆசைப்பட்டால் சன்ரைஸ் ஒன்றுதான் தினசரி ஓடும் ஸ்லீப்பர். அதில் "நோபி நோபி" என்பது கம்பளத் தரையில் படுக்கும் இடம். அடிப்படைக் கட்டணத்தோடு எக்ஸ்பிரஸ், ரிசர்வேஷன் மட்டும், பெர்த் கட்டணம் இல்லை. மெத்தை கிடையாது. சரியாக ஒரு மாதம் முன், காலை 10 மணிக்கு விற்பனை திறக்கும்; விரைவில் தீர்ந்துவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

இறைச்சி கண்ணுக்குத் தெரியும், தாஷி தெரியாது. உலர்ந்த மீனில் காய்ச்சிய சாறு அது. உடோன் நூடுல்ஸ் குழம்பு, சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, மிசோ சூப், இனாரி சுஷியின் டோஃபு உறை எல்லாவற்றிலும் இருக்கும். "மீன் இல்லை" என்று கடைக்காரர் சொன்னாலும் தாஷியை அவர் மீனாகக் கணக்கில் வைப்பதில்லை. தனியாகக் கேளுங்கள்.

கன்வீனியன்ஸ் கடையில் ஊமே, அதாவது ஊறிய பிளம், வைத்த ஓனிகிரியும் வெறும் உப்புச் சோற்று உருண்டையும் ஓரளவு பாதுகாப்பு. டோக்கியோ நிலையத்துக்குள் டீஸ் தாந்தான் முழுச் சைவ ராமென் தருகிறது. நேபாளிகள் நடத்தும் இந்திய உணவகங்கள் சிறு ஊர்களிலும் உண்டு, மதியச் சாப்பாடு 1,000 யென் அளவில். மைக்ரோவேவில் சூடாக்கும் 200 கிராம் சோற்றுப் பொட்டலம் எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். பையில் ஒரு டப்பா பருப்புப்பொடி இருந்தால் ஹாஸ்டல் சமையலறையில் இரவுச் சாப்பாடு 200 யென்னுக்குள் முடியும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் இரவு 7 மணிக்கு மேல் சூப்பர்மார்க்கெட் போங்கள். சுஷித் தட்டுகளில் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்கியிருப்பார்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்?

படுக்கை 4,000, சாப்பாடு 2,000, நகரப் போக்குவரத்து 900, நுழைவுக் கட்டணம் 600, சில்லறைச் செலவு 500. ஏறக்குறைய 8,000. பத்து நாளுக்கு 80,000, ஊர் விட்டு ஊர் போகும் ரயிலுக்கு 30,000, ஆக 1,10,000 யென். விமானமும் விசாவும் தனி.

கடைசி ரயிலை விட்டுவிட்டால்?

நள்ளிரவு 12 முதல் 12.30-க்குள் பெரும்பாலானவை நின்றுவிடும், மறுபடி அதிகாலை 5 மணிவாக்கில்தான். இரவு டாக்சியில் ஒரு நாள் பட்ஜெட் போய்விடும். நிலையத்தை ஒட்டி மாங்கா (ஜப்பானியப் படக்கதை) கஃபே இருக்கும். "நைட் பேக்" 2,000 முதல் 3,000, சாய்வு இருக்கை, குளிர்பானம், பல இடங்களில் ஷவரும் உண்டு. பாஸ்போர்ட் கேட்பார்கள், விடுதியில் வைத்துவிட்டு வராதீர்கள்.